வெறுங்கையோடு போன கடிதம்

ஐயா, என் எழுத்து கோணலாக இருக்கும். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்தைந்து வயதுக்குமேல் எழுத்துப் பழகியவன் நான். மண்வெட்டி பிடித்து மரத்துப்போன விரலில் பேனை நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஆறுதலாக, அவசரப்படாமல் வாசித்தீர்கள் என்றால் விளங்கும்.

போன மாதம் நீங்கள் கொழும்பிலிருந்து வந்து, எங்கள் பாடசாலையில் மேசை போட்டு, மூன்று வருஷத்துக்கு முந்திய வாய்க்கால் சண்டையைப் பற்றி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். தண்டனை பெற்று மறியலில் இருக்கும் தம்பிமுத்துப் போடியாருடைய பிள்ளைகள் போட்ட மனுவுக்காக வந்த விசாரணை என்று சொன்னார்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். "சண்டையை ஆர் தொடங்கினது?" என்று கேட்டீர்கள். நான் தெரியாது என்றேன். நீங்கள் எழுதினதைக் காட்டி மைப்பெட்டியை நீட்டினீர்கள். நான் பெருவிரலை வைத்தேன். அந்தத் தாளில் ஒரு இடத்தில் கீழ்வட்டை என்பதற்குப் பதிலாக மேல்வட்டை என்று கைதவறி எழுதியிருந்தீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தே நான் அதைக் கண்டுகொண்டேன். சொல்லவில்லை.

என் பெயர் காலிதீன். சாய்ந்தமருதில் மீராமுகைதீன் போடியாருக்கு முல்லைக்காரன். போடியார் என்றால் வயல் நிலம் நிறைய உள்ள பெரிய மனுசன். முல்லைக்காரன் என்றால், விதைப்பிலிருந்து சூடு அடித்து நெல்லை வண்டியில் ஏற்றும் வரைக்கும் அந்த வயலில் கிடந்து பார்க்கிறவன். வட்டை என்றால் வயல்வெளி. எங்கள் வயல் கீழ்வட்டை. அதற்கு மேலே கிடப்பது மேல்வட்டை, தமிழாக்களுடையது. அங்கே தம்பிமுத்துப் போடியார் பெரியவர். ரெண்டு வட்டைக்கும் ஒரே வாய்க்கால். தண்ணி முதலில் அவர்களிடம் போய்த்தான் எங்களிடம் வரும். அல்லாஹ் நிலத்தைச் சரித்து வைத்த விதம் அது. அதில் ஆருக்கும் குற்றமில்லை.

ரெண்டு போடியார்மாரும் வாலிபத்திலிருந்து சிநேகிதர். ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணி முறை, மாடு இறங்கின வழக்கு, வரம்பு வெட்டின வழக்கு, எதுவானாலும் தாளில் எழுதி மடித்து என் கையில் தருவார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்து மறுமொழி வாங்கிவருவேன். தாளை ஒட்டுவதில்லை. "காலிதீன்ட கையில போனா இரும்புப் பெட்டியில போன மாதிரி. அவனுக்கு ஆனாவும் தெரியா" என்று மீராமுகைதீன் போடியார் பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பார். அது என்னைப் புகழ்கிற பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்குச் சொல்லவேணும். கடிதம் ஒருநாளும் வெறுங்கையோடு போகாது. நாங்கள் கருவாடோ நல்ல மீனோ கொண்டுபோவோம். அங்கேயிருந்து எருமைத் தயிர் ஒரு மண் முட்டி வரும். சண்டைக் கடிதமானாலும் தயிர் வரும். ஒருமுறை மாடு இறங்கின கோபத்தில், 'இனி உமது முகத்தில் முழிக்கமாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி, அதோடு ரெண்டு முட்டி தயிரும் தந்துவிட்டார் தம்பிமுத்துப் போடியார். எங்கட போடியார் கடிதத்தை விரிக்கவேயில்லை. முட்டியைத் தூக்கிப் பார்த்தார். "ஆடை தடிப்பாக் கிடக்கு. கோவம் கொஞ்சம்தான்" என்றார்.

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தவள் என் மகள் றாஹிலா. அவளுடைய உம்மா சுல்பிகா மௌத்தான பிறகு எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அஞ்சாம் வகுப்போடு நின்ற பிள்ளை. வீட்டில் புத்தகம் இல்லை. சீனியும் தேயிலையும் சுற்றி வருகிற பத்திரிகைத் தாள்தான் எங்கள் புத்தகம். ஏன் அந்த வயதில் பழகினேன் என்றால், வட்டையின் கடைசியில் மூன்று ஏக்கர் காடு கிடந்தது. அதை வெட்டி வயலாக்கினால் உனக்கே எழுதித் தருவேன் என்று போடியார் சொல்லியிருந்தார். ஒன்பது வருஷம் வெட்டினேன். எழுதித் தருகிற நாளில் அதை நானே வாசித்து அவரைத் திடுக்கிட வைக்கவேணும் என்று ஒரு ஆசை. அதனால் ஆருக்கும் சொல்லாதே என்று மகளிடம் சொல்லிவைத்தேன். அவளுக்கும் அது விளையாட்டாக இருந்தது.

நான் எழுத்துக் கூட்டி முழுதாக வாசித்த முதல் தாள், ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றியது. பதினாலாம் ஆண்டு உலகச் சண்டை எப்படி மூண்டது என்று ஆரோ படித்தவர் எழுதியிருந்தார். ஒரு பெரிய ராச்சியம் ஒரு சின்ன ராச்சியத்துக்கு, நாற்பத்தெட்டு மணித்தியாலம் தவணை வைத்து, பத்துக் கோரிக்கை எழுதி அனுப்பினதாம். சின்ன ராச்சியம் அநேகமாக எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று மறுமொழி கொடுத்ததாம். அந்த மறுமொழியை வாங்கின தூதன் ஒரு பார்வை பார்த்தானாம். அவனுடைய பெட்டி முன்னமே கட்டி வைத்திருந்ததாம். அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டானாம். அதோடு சண்டை.

"கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஓம் எண்ட புறகு என்னத்துக்குச் சண்டை?" என்று றாஹிலாவிடம் கேட்டேன்.

"அவங்களுக்குச் சண்டை வேணும் போல வாப்பா."

"அப்ப குத்தம் ஆர்ல?"

அதைத் தேடி அவள் தாளைத் திருப்பினாள். ராசாக்களின் பெயரெல்லாம் இருந்தது, மந்திரிமாரின் பெயர் இருந்தது. அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. "மிச்சம் வேற ஆற்றயும் சீனிக்குப் போயிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் கவனித்தது வேறொன்று. எல்லாருடைய பெயரையும் எழுதின அந்த மனுசன், பெட்டியைக் கட்டி வைத்திருந்த தூதனுடைய பெயரை மட்டும் எழுதவில்லை.

ஐம்பத்துநாலாம் ஆண்டு சிறுபோகத்தில் குளத்தில் தண்ணி குறைவு. மேல்வட்டையார் கம்பு நட்டு மண் போட்டு வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டு அடித்தார்கள். அவர்களுடைய வெள்ளாமையும் காய்ந்துதான் கிடந்தது. எங்கள் பொடியன்மார் நாலைந்து பேர் போய்க் கட்டை வெட்டினார்கள். தடுத்த காவற்காரனுடைய கையை முறித்தார்கள். அடுத்த நாளே மேல்வட்டையார் திரும்பவும் கட்டினார்கள், முன்னதைவிட உயரமாக. அதற்குமேல் விட்டால் கத்தி வரும் என்று ரெண்டு போடியார்மாருக்கும் தெரியும். கடிதம் தொடங்கியது.

எனக்கு அந்தப் போகம் எப்படிப்பட்டது என்று சொல்லவேணும். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. றாஹிலாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரை அந்தப் போகத்து நெல்லில் இருந்தது. மாப்பிள்ளை என் தங்கச்சி சுபைறாவின் மகன் பளீல். தச்சுவேலை தெரிந்த பொடியன். தான் குடியிருக்கப் போகிற வீட்டுக்குத் தானே கதவு நிலை சீவிக்கொண்டிருந்தான். சுபைறா பொல்லாதவள் இல்லை. ஆனாலும், "காக்கா, இந்த வெள்ளாமையோட முடிச்சிருங்க. ரெண்டு வருஷமாக் காத்துக் கிடக்கான். வேற இடத்தாலயும் கேக்காங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்று ஏக்கரிலும் கதிர் பறிந்து வெளியே தள்ளுகிற நேரம். ஒரு தண்ணி வந்தால் நெல், வராவிட்டால் வைக்கோல்.

சனிக்கிழமை காலையில் மீராமுகைதீன் போடியார் ஒரு கடிதமும் ஒரு கட்டு கருவாடும் தந்தார். பாதி வழியில் மருத மரத்தடியில் குந்தியிருந்து தாளை விரித்தேன். அதற்கு முதல் நான் அவர்களுடைய கடிதத்தை ஒருநாளும் விரித்ததில்லை. இதை நீங்கள் நம்பவேணும். அன்றைக்கும் தண்ணி எப்போது வரும் என்று பார்க்கத்தான் விரித்தேன். பொடியன்மார் செய்ததற்குப் போடியார் மாப்புக் கேட்டிருந்தார். கையை முறித்தவனைப் பள்ளிவாசலில் வைத்து விசாரிப்பதாக எழுதியிருந்தார். கீழே இப்படி இருந்தது: 'இருக்கிற தண்ணி ரெண்டு வட்டைக்கும் போதாது. எங்கள் கடைசியில் மூன்று ஏக்கர் உண்டு. அதை இந்தப் போகம் விட்டுவிட்டால் மிச்சத்துக்குத் தண்ணி சரிவரும். அது காலிதீன் செய்கிற துண்டு. அவன் நம்மட ஆள், ஒன்றும் சொல்லமாட்டான்.'

எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. மூன்று தரம் வாசித்தேன். பிழையாகக் கூட்டிவிட்டேனோ என்று ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தேன். சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

திரும்பிப் போய்ப் போடியாரிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். கேட்டால் கடிதத்தை வாசித்தேன் என்றாகும். இருபது வருஷ நம்பிக்கை போய்விடும். வாசிக்காதவனுக்கு அது தெரிய நியாயமுமில்லை. ஆகவே தெரியாதவனாகவே நடந்துபோனேன்.

தம்பிமுத்துப் போடியார் தன் வயல் குடிசையில், வாடியில் இருந்தார். கடிதத்தை வாசித்தார். பிறகு எழுதத் தொடங்கினார். முதலாம் தாளை எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தினார். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெற்றிலை போட்டார். ரெண்டாம் தாளை ஆறுதலாக எழுதினார். எழுதிக்கொண்டே என்னிடம் கதை கொடுத்தார்.

"உன்ட மகளுக்கு எப்ப கலியாணம் காலிதீன்?"

"வெள்ளாமை வெட்டினாப் போல போடியார்."

"சொல்லாம விட்டிராத. மீராமுகைதீனோட ஒரு பாயில இரிந்து தின்னணும் நான்."

தயிர் முட்டியைப் பெரிதாகப் பார்த்து எடுத்துக் கட்டித் தந்தார். "கவனமாக் கொண்டு போ. கடிதத்த விட இதுதான் முக்கியம்" என்றார்.

திரும்பி வருகிற வழியில் அதையும் விரித்தேன். முதலாம் தாளில் இருந்தது: 'உமது ஆட்கள் செய்தது மனுசர் செய்கிற வேலையில்லை. ஏழைக் காவற்காரனின் கை முறிந்து கிடக்கிறது. இனி உமது ஆட்களில் ஒருத்தன் என் கட்டில் கால் வைத்தாலும் நடந்து திரும்பமாட்டான். அதற்கு நான் பொறுப்பு. இதை நீர் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்.' ரெண்டாம் தாளில் இருந்தது: 'எழுதி முடித்தேன், கோபம் ஆறிவிட்டது. ஒரு கட்டுக்காக நம்முடைய சிநேகிதத்தை வெட்டமுடியாது. நீர் சொன்னபடி அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டால் சரிவரும். திங்கட்கிழமை காலையில் நானே ஆட்களோடு நின்று கட்டை வெட்டித் தண்ணி விடுவேன். நீரும் வாரும். பகல் சாப்பாடு என் வாடியில். கோழியை உமது ஆளைக் கொண்டே அறுப்பிக்கலாம்.'

நல்ல கடிதம். நியாயமான கடிதம். ரெண்டு பெரிய மனுசரும் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் முடித்துவிட்டார்கள். அதற்குள் போனது என்னுடைய மூன்று ஏக்கர் மட்டும்தான்.

அப்போதுதான் அந்தத் தூதனை நினைத்தேன். நான் ஒரு எழுத்தையும் சேர்க்கவில்லை ஐயா. பொய்யாக ஒரு வரி எழுதவில்லை. ரெண்டாம் தாளை மடித்து இடுப்புப் பட்டிக்குள் வைத்தேன், அவ்வளவுதான். என் யோசனை இப்படி இருந்தது. கடுமையான தாளை மட்டும் கண்டால் எங்கட போடியார் ஒப்பந்தத்தை விட்டுவிடுவார். ரெண்டு பக்கமும் கொஞ்சம் சத்தம் போடும், கூடிப்போனால் ஒரு அடிபிடி. பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் துரைமார் வந்து பழைய முறைப்படி எல்லா வயலுக்கும் தண்ணி விடுவார்கள். பழைய முறையில் கடைசித் துண்டும் உண்டு. இதில் பிழையான கணக்கு எங்கே இருக்கிறது என்று நான் இன்றைக்கும் தேடிப்பார்க்கிறேன்.

தயிர்தான் தொல்லையாக இருந்தது. முட்டியைக் கொண்டுபோனால் போடியாருக்குக் கோபம் வராது. தயிர் வந்தால் தாளில் என்ன இருந்தாலும் அது சமாதானம். வாய்க்காலில் ஊற்ற மனம் வரவில்லை. சாப்பாட்டைக் கொட்டுவது ஹராம். ஆகவே வழியில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பளீல் முற்றத்தில் நிலை சீவிக்கொண்டிருந்தான். பகல் சாப்பாட்டு நேரம். மூன்று பேருக்கும் சோறு. றாஹிலா கதவுக்குப் பின்னால் நின்று பீங்கானைத் தள்ளிவிட்டாள். தடித்த ஆடை முழுவதும் அவனுடைய பீங்கானில் இருந்ததை நான் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தேன்.

"மாமா, இது மேல்வட்டைத் தயிர் மாதிரிக் கிடக்கு" என்றான் பளீல்.

"இல்ல, வழியில வாங்கினது."

"வாங்கினதா? நீங்க காசி குடுத்துத் தயிர் வாங்கின நாள நிலையில உளியால வெட்டி வைக்கணும். நம்மட புள்ளையள் வாசிக்கட்டும்."

கதவுக்குப் பின்னால் றாஹிலா சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல தயிர் அது. முட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுத பிறகு போடியாரிடம் போனேன். அவர் கடிதத்துக்குக் கை நீட்டவில்லை. என் கையைப் பார்த்தார்.

"எங்க?"

"என்ன போடியார்?"

"தயிர்."

"தரல்ல போடியார்."

தாளை வாங்கி வாசித்தார். திருப்பிப் பார்த்தார். "வாயால ஒண்டும் சொல்லலயா?"

"சொல்லல்ல."

"நீ நல்லா யோசிச்சுப் பாரு. வெத்திலயாவது தந்தானா? ஒரு சிரிப்பாவது?"

"இல்ல போடியார்."

நான் சொன்ன பொய் அவ்வளவும்தான். போடியார் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் றஸாக் தாளை எடுத்து வாசித்துக் குதித்தான். அவர் அவனைக் கையமர்த்தினார். "கடிதம் அவன் கோவத்துல எழுதுவான், அது எனக்குத் தெரியும். அது ஒண்டுமில்ல. தயிர் தராம விட்டிருக்கான் எண்டா, யோசிச்சுத்தான் விட்டிருக்கான்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அது கோபக் கலக்கம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

அந்த நேரம் பட்டிக்குள் கை விட்டு, இன்னொரு தாள் விழுந்து கிடந்தது போடியார் என்று சொல்லியிருக்கலாம். கை இடுப்பு வரைக்கும் போனது. றஸாக் வெளியே போய் ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. காரியம் தொடங்கிவிட்டது என்று கையை எடுத்தேன்.

ஞாயிறு முழுக்க ஆள் சேர்த்து, திங்கட்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அறுபது பேர் போனார்கள். கட்டில் மேல்வட்டையார் முப்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். ரெண்டாம் தாளில் எழுதியிருந்தபடி, கட்டை வெட்டித் தண்ணி விடத்தான் நின்றார்கள். வாடியில் சோறு வெந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு என்ன தெரியும்? கால் வைத்தவன் நடந்து திரும்பமாட்டான் என்று எழுதினவன் முப்பது மண்வெட்டியோடு நிற்கிறான் என்றுதான் கண்டார்கள். தம்பிமுத்துப் போடியார் கையை உயர்த்தி, "வாங்க, வாங்க, உங்களத்தான் பாத்துக்கு நிக்கம்" என்று கூப்பிட்டாராம். அதை அவர்கள் எப்படி எடுப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

பளீலைப் போகவேண்டாம் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். தண்ணி வரும், என்னுடைய துண்டில் வரம்பு உடைந்த இடத்தை அடைக்கவேணும், நீ அங்கே நில் என்றேன். அவனும் ஓம் மாமா என்றான். வெயில் ஏறின நேரம் நான் அங்கே போனேன். வரம்பு அடைத்திருந்தது, சரியாக மட்டம் தட்டியிருந்தது. ஆள் இல்லை. போடியாரைக் கேவலப்படுத்தின இடத்துக்கு மாமா போகாவிட்டால் மாமாவுக்காக நான் போகவேணும் என்று பக்கத்து வயற்காரனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

எங்களில் ரெண்டு பேர், அவர்களில் மூன்று பேர். பளீலுடைய கழுத்தில் மண்வெட்டி விழுந்திருந்தது. தம்பிமுத்துப் போடியாருடைய தம்பியும் அந்த மூன்றில் ஒருவர். அடிபிடியில் ஆருடைய கால் பட்டதோ, கட்டு தானாக உடைந்தது. மத்தியானத்துக்குள் தண்ணி என்னுடைய துண்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பொலிஸ் காவலில் பழைய முறைப்படிதான் தண்ணி விட்டார்கள். நான் கணித்தது மாதிரியே. அந்தப் போகத்தில் மூன்று ஏக்கரும் விளைந்தது போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வீட்டுக்கு ஓடு போட்டேன்.

மட்டக்களப்புக் கோட்டில் ஜூரிமாருக்கு முன்னால் வழக்கு நடந்தது. முதலாம் தாளைத்தான் காட்டினார்கள். அடிக்கச் சொன்னவர் என்று தம்பிமுத்துப் போடியாருக்குப் பத்து வருஷம். எங்கட போடியார் தற்காப்புக்காகப் போனவர் என்று விட்டுவிட்டார்கள். தம்பிமுத்துப் போடியார் கூண்டில் நின்றுகொண்டு, "இன்னொரு தாள் எழுதினேன் துரை, தயிரும் குடுத்தனுப்பினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. மேல்வட்டைச் சனம், 'தயிரைத் தின்றுவிட்டு வெட்ட வந்தவர்கள்' என்று எங்களை இன்றைக்கும் சொல்லுகிறது. எங்கள் சனம், 'வெறுங்கையோடு விட்டுப் பொறி வைத்தவர்கள்' என்று அவர்களைச் சொல்லுகிறது. கடைசியில் தம்பிமுத்துப் போடியார் என்னைக் கண்டுவிட்டு, "அந்தா நிக்கான். காலிதீனக் கேளுங்க. அவன் பொய் சொல்லமாட்டான்" என்றார்.

என்னைக் கேட்டார்கள். எத்தனை தாள் தந்தார் என்று கேட்டார்கள். "எனக்கு எழுத்துத் தெரியா துரை. தந்ததக் கொண்டு குடுத்தேன்" என்றேன். தயிர்? "ஞாபகம் இல்ல துரை." பெருவிரலை வைத்தேன். தம்பிமுத்துப் போடியார் என்னைத் திட்டவில்லை. "பாவம், அவனும் மருமகனப் பறிகொடுத்தவன், புத்தி கலங்கிக் கிடக்கு" என்று பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம் சொன்னார். அது என் காதில் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது றாஹிலாவுக்குச் செய்தி முன்னமே வந்திருந்தது.

"கைநாட்டா வச்சீங்க வாப்பா?" என்று கேட்டாள்.

"அங்க எல்லாரும் அப்படித்தான் புள்ள."

அவள் உள்ளே போனாள். எங்கள் பத்திரிகைத் தாள்களை ஒரு துணியில் கட்டி வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை வாப்பா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. நேரம் பார்த்துச் சோறு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், ஒரு குறை இல்லை. அந்த மூன்று ஏக்கர் நெல்லை மட்டும் அவள் தின்பதில்லை. பாய் இழைத்து விற்றுக் கடை அரிசி வாங்கித் தனக்கு வேறு சட்டியில் ஆக்குகிறாள். எங்கள் வயல் அரிசி அவளுக்கு வயிற்றுக்கு ஒத்துவரவில்லை போலும். பெண்பிள்ளைகளுக்கு இருபது வயது தாண்டினால் குணம் கொஞ்சம் மாறும் என்று சொல்வார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அது மட்டும் நிச்சயம். தெரிந்திருந்தால் என்னோடு இருப்பாளா? சுபைறா வெள்ளிக்கிழமைகளில் வந்து அந்த நிலைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவாள். புதுவீட்டில் ஆருமில்லை. ஓட்டுக்குள் புறா கூடு கட்டியிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காவற்காரன் கையை முறித்த பொடியன் தொடங்கினானா? கட்டு அடித்த மேல்வட்டையார் தொடங்கினார்களா? ஏழையின் நிலத்தைக் கொடுத்துச் சமாதானம் வாங்கின மீராமுகைதீன் போடியார் தொடங்கினாரா? கோபத்தில் முதலாம் தாளை எழுதினவர் தொடங்கினாரா? மழை பெய்யாததும் ஒரு காரணம். இப்படிப் பிரித்துக்கொண்டு போனால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும், எனக்கு வருகிற பங்கு மிகவும் சின்னது. மூன்று வருஷமாக நான் அந்தச் சின்னப் பங்கோடுதான் படுத்து எழும்பினேன். ஆனால் அவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் ஐயா. பொடியனை நிறுத்தினார்கள், கட்டை வெட்டச் சம்மதித்தார்கள், கோபத்தையும் ஆற்றினார்கள். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சண்டை முடிந்துவிட்டது. முடிந்துபோன சண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் வீட்டுக்குப் போனேன். அஞ்சு பேரையும் கொன்றது நான். தம்பிமுத்துப் போடியாரை மறியலில் வைத்திருப்பதும் நான்.

இதோடு அந்த ரெண்டாம் தாளையும் வைக்கிறேன். அவருடைய எழுத்துத்தான், பிள்ளைகளிடம் காட்டினால் சொல்வார்கள். வியர்வையில் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது, வாசிக்கலாம். அவருக்கு நெஞ்சு வருத்தம் என்றும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார் என்றும், நாளைக் கடத்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகவும் மனுப் போட்ட அவருடைய மகள் உங்களிடம் அழுதது எனக்குத் தெரியும். நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆனால் இதை இன்றைக்கே தபாலில் போடமாட்டேன். ஒரு காரணம் இருக்கிறது, நீங்கள் படித்தவர், விளங்கிக்கொள்வீர்கள். இந்தச் செய்தி வெளியே வந்தால் தண்ணி முறை திரும்பவும் குழம்பும். கடைசித் துண்டைத்தான் முதலில் வெட்டுவார்கள். இப்போது கதிர் பறிகிற நேரம், இன்னும் மூன்று தண்ணி வேணும். போன போகத்திலும் இப்படி ஒருமுறை கோட்டுத் துரைக்கு எழுதி முடித்தேன், சூடு அடிக்கிற அவசரத்தில் தவறிப்போய்விட்டது. இந்தமுறை தவறாது. றாஹிலாவுக்கும் வேறொரு இடம் பார்க்கவேணும், அதற்கும் கையில் நெல் இருக்கவேணும். எல்லாம் அவளுக்காகத்தானே. அறுவடைக்கு நாற்பது நாள்தான் கிடக்கிறது. அதுவரைக்கும் தம்பிமுத்துப் போடியார் இருப்பார். அவர் பொறுமையான மனுசன்.